பெட்டிக்கார வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பியானோவுக்கும் நாகஸ்வரத்துக்குமாக நான் எழுதிய இசை போன வாரம் ஆச்சி வீட்டு உள்முற்றத்து வளவில் அரங்கேறியது. வந்திருந்தவர்கள் மனதாரப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் வாத்தியார். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு விடிய விடிய ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர். என் விரலைப் பிடித்துக் கட்டையில் வைத்தவரும் அவர்தான். நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் எந்த ராகத்துக்குத் தாவினாலும் அடுத்த மூச்சுக்குள் இவர் கை அங்கே இருக்கும். பாடுகிறவர் தடுமாறினால் கூட்டத்துக்குத் தெரியாமல் தாங்கிக்கொள்வார். "பாடுறவன் மூச்சைக் கேளு, விரல் தானா வரும்" என்பார். பிறகு சென்னையில் மேற்கத்திய இசை படித்தேன், மேடைகளில் வாசித்தேன், எழுதவும் தொடங்கினேன். எங்கே போனாலும் என் காது அவர் பழக்கிய காதுதான்.

ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை வளைத்துக் குழைக்கும் அசைவு, பேசாது என்ற குறை பழையது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குப் போட்ட தடை 1971 வரை நீடித்தது. அந்தக் காலத்திலும் நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பெட்டி ஓயவில்லை. துருத்தியை அழுத்தும் பக்குவத்திலேயே வாத்தியார் ஒரு குழைவைக் கொண்டுவந்துவிடுவார். நான் எழுதுவதெல்லாம் அந்தக் குழைவைத் தேடித்தான்.

பியானோவில் அது இன்னும் கடினம். உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டால் அப்புறம் சுரத்தை வளைக்கக் கட்டையில் வழியில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940-களில் பியானோக் கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகிப் புது ஒலிகள் எடுத்தார். நம் நாட்டு இசைக் கலைஞர் கீதா சாராபாயிடம் அவர் இந்திய இசை கேட்டறிந்ததும் அதே காலத்தில்தான். அந்த வழியில் நானும் தேடியபோது கைகொடுத்தவர் இரும்புக் கடை அண்ணன். வியாபார நேரத்திலும் முகம் சுளிக்காமல் பித்தளைத் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்க விட்டார். "இது நல்லா பேசுது தங்கச்சி" என்று அவர் எடுத்துக் கொடுத்தவைதான் இரண்டாம் பகுதியில் மணி போல ஒலித்தவை.

நாகஸ்வர அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. பியானோவின் சுருதி நம் இஷ்டத்துக்கு நகராது. அவர்தான் நாகஸ்வரத்தின் ஊதுவாயில் செருகும் சீவாளியை மாற்றி மாற்றிச் சேர்த்தார். பியானோவின் அந்தர காந்தாரம் என்ற 'க' சுரம் தம்புராவில் கேட்கும் காந்தாரத்தைவிட ஓர் இழை கூடுதல். முதல் ஒத்திகையிலேயே அவர் காது அதைப் பிடித்துவிட்டது. "நீண்டு நிக்கிற இடத்துல காந்தாரத்தை எங்கிட்ட விட்ருங்க" என்றார். விட்டேன். இசையே வேறாகிவிட்டது.

ஆச்சிக்கு என்ன சொல்வது! வளவைத் திறந்துவிட்டதோடு நிற்காமல், அவர்களுடைய ஆயா, அதாவது பாட்டி, பாடிய தாலாட்டையும் மறுபடி மறுபடி பாடிக் காட்டினார்கள். நடுப்பகுதி முழுக்க அந்த மெட்டுதான். ஆத்தங்குடித் தளக்கல்லும் சுண்ணாம்புச் சுவரும் அதற்குக் கொடுத்த கார்வை எந்த அரங்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மழை ஈரத்தில் பலகை உப்பிச் சுருதி ஏறியிருந்த பியானோவை, இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளையும் தொட்டுச் சரிசெய்த மதுரை அண்ணனுக்கும், அதைக் கீறல் இல்லாமல் முகப்புப் படி ஏற்றி இறக்கிய டெம்போக்காரர்களுக்கும் என் நன்றி.

இந்த இசையின் சுரக்குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே வாத்தியார் பெயரும் ஆச்சி பெயரும் இருக்கும். வாசிக்க விரும்பும் பிள்ளைகள் வீட்டுக்கு வாருங்கள், பிரதி தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்