இரண்டாம் பருவ நிறைவும் கன்னியாகுமரிப் பயணமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் நம் மாணவர்கள் பல துறைகளிலும் சிறப்பாகச் செயல்பட்டார்கள். விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. பேச்சு, ஓவியப் போட்டிகளில் பரிசுகள் வந்தன. அறிவியல் கண்காட்சிக்கு நேரம் ஒதுக்கி வந்த அனைவருக்கும் நன்றி. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறக்கும் வாரத்தில் கைக்கு வரும்.

அப்புறம், ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கன்னியாகுமரிச் சுற்றுலா. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

92 பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பேருந்து கிளம்பியபோது ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை. அதற்காக உங்களைப் பாராட்டியே ஆகவேண்டும். சூரிய உதயத்தை மேகம் பாதி மறைத்தது. மீதிப் பாதிக்கே பிள்ளைகள் போட்ட கூச்சலில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. காந்தி மண்டபத்தில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று வெயில் விழும்படி கூரையில் துளை விட்டுக் கட்டியிருப்பதைக் காட்டினோம். சபரிமலை சீசன் என்பதால் எங்கு பார்த்தாலும் கறுப்பு வேட்டிக் கூட்டம். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு எட்டு மணிக்குத் தொடங்கும் முன்பே வரிசை நீண்டுவிட்டது.

வரிசையில் நின்றபோது தமிழாசிரியர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். பீடத்தின் மேல் நிற்கும் சிலை 95 அடி. மீதி இரண்டு பாலும் சேர்ந்து 95. மொத்தம் 133. 1892-ல் விவேகானந்தர் அந்தப் பாறைக்கு நீந்திப் போனதாகச் சொல்வார்கள் என்று நான் சொன்னதும், "நாங்களும் நீந்தலாமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். உனக்குப் படகும் உயிர்காப்பு அங்கியும் இருக்கிறது, பேசாமல் நில் என்றேன். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான்.

மூன்று குழுவாகப் பிரித்திருந்தோம். முதல் இரண்டு குழுக்களும் படகில் ஏறிப் போய்விட்டன. மூன்றாவது குழு படகுத்துறையை நெருங்கும்போது எண்ணிப் பார்த்தால் 31 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 30 பேர். மறுபடி எண்ணினோம். மறுபடியும் 30. கழிப்பறை, சங்குக் கடைகள், பிள்ளைகள் கால் நனைத்த படித்துறை என்று இரண்டு ஆசிரியர்கள் ஓடினார்கள். ரோந்து வந்த காவலரிடம் சொன்னோம். பக்கத்தில் கடல். அந்த நாற்பது நிமிடம் எங்கள் மனம் எங்கெல்லாம் போனது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

பிள்ளை பத்திரமாக இருந்தது. அருகிலிருந்த ஓட்டலில் நாகர்கோவில் சித்தப்பாவோடு பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெயர் பொறித்த சங்குகூட வாங்கித் தந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பையில் ஒளித்து வைத்த கைபேசி வழியாக எல்லாம் பேசி முடிவு செய்யப்பட்டிருந்தது. தெரியாமல் இருந்தது ஆசிரியர்களுக்கு மட்டும்தான்.

நான் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை இவ்வளவு பக்கத்தில் வரும்போது ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பது நம் ஊர்ப் பாசம். பிறகு விசாரித்ததில், அன்று இப்படி வந்தவர் ஒருவர் அல்ல என்றும் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அத்தை ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தோடு வந்து நின்றார். (நன்றாகவே இருந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது.) ஆனால் அவர் எங்கள் கண்முன் வந்தார், கொடுத்தார், போனார்.

படகுத்துறையில் ஒரு பிள்ளை குறைவது, பேருந்தில் குறைவது போன்றதல்ல. கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை அப்படியே நிறுத்திவிடுவார்கள். 2004-ல் சுனாமி வந்த காலையில் பாறையில் இருந்தவர்கள் கரைக்குத் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் ஒரு குழு அங்கே, ஒரு குழு இங்கே என்று நேரத்தை நீட்டாமல், அடுத்தடுத்த படகில் எல்லோரையும் அக்கரை சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று அது முடியவில்லை. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வரிசையின் கடைசிக்குப் போன மூன்றாவது குழுவுக்கு, பாறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மட்டுமே நேரம் இருந்தது. பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும் என்றுதான் பல பிள்ளைகள் வந்திருந்தார்கள். 77 மீட்டர் நீளம், காலுக்குக் கீழே அலை. மூன்றாவது குழு அதில் ஓரடிகூட வைக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது அவர்கள் பக்கம் அவ்வளவு அமைதி.

எனவே, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி எந்தச் சுற்றுலாவிலும் உறவினர் பிள்ளையைச் சந்திக்க விரும்பினால், மூன்று நாள் முன்பே வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்திப்பு சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர் முன்னிலையில் மட்டும். சொல்லாமல் பிள்ளையை அழைத்துப் போனால், பெற்றோரை அங்கேயே வரவழைத்துக் கையெழுத்து வாங்கிப் பிள்ளையை ஒப்படைத்துவிடுவோம். பேருந்தில் திரும்ப ஏற்ற மாட்டோம். கைபேசி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவசரம் என்றால் பொறுப்பாசிரியரின் எண் உங்களிடம் இருக்கிறது. நாள் முழுவதும் எடுப்பார். இதில் யாருக்கும் விலக்கு இல்லை, நம் பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகள் உட்பட.

சரி, கண்டிப்பு போதும். அந்தப் பிள்ளையின் அம்மா மறுநாளே நேரில் வந்து, தேடி ஓடிய இரண்டு ஆசிரியர்களிடமும் பேசிவிட்டுப் போனார். அவருக்கு என் நன்றி. மூன்றாவது குழுவுக்குப் பாலம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, கோடை விடுமுறைக்கு முன் அவர்களை மட்டும் ஒருமுறை அழைத்துப் போகலாமே, வேன் செலவில் பங்கு தருகிறோம் என்று சில பெற்றோர் முன்வந்திருக்கிறார்கள். செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். இரவு பதினோரு மணிக்குப் பள்ளி வாசலில் ஸ்வெட்டரும் பிளாஸ்க்குமாகக் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

புதிய ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பள்ளி திறக்கும் நாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று. பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கீழே 'செல்வி' என்று பெயர் பொறித்த ஒரு சங்கு கிடந்தது. அந்தப் பெயரில் ஏழிலும் எட்டிலும் யாரும் இல்லை. அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்கியதாக இருக்கலாம். அலுவலகத்தில் என் மேசைமேல் இருக்கிறது; வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
தலைமையாசிரியை