சனிக்கிழமை அம்பாறை கிரிட் உபநிலையம் போறவங்க கவனத்துக்கு

தம்பி தங்கச்சிமார், பஸ் காலை 6.30க்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து. பிந்தினால் நிற்காது.

சப்பாத்து கட்டாயம், பாட்டா வேணாம். குடை, நீளமான இரும்புச் சாமான் ஒண்டும் கொண்டுவராதீங்க. 132 ஆயிரம் வோல்ட் கம்பியைத் தொட வேணுமெண்டில்லை, கிட்டப் போனாலே காற்றைத் தாண்டிப் பாயும்.

அங்க 132 கேவி (கேவி எண்டா ஆயிரம் வோல்ட்) மின்சாரம் 33 கேவியாக இறங்கும். எல்லாரும் பெரிய டிரான்ஸ்போமரைத்தான் போட்டோ எடுப்பீங்க, தெரியும். அதன் பக்கத்தில் தொங்கும் சின்னக் கண்ணாடிக் குடுவையையும் பாருங்க. உள்ளே சிலிக்கா ஜெல். நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடிச்சிட்டுது, மாத்த வேணும். சில இடத்தில் செம்மஞ்சள் பச்சையாகும்.

பிரேக்கரும் ஐசொலேட்டரும் ஒண்டில்லை. லோட் ஓடும்போது மின்னோட்டத்தை அறுக்கிறது பிரேக்கர்தான். ஐசொலேட்டர், மின்னோட்டம் நிண்ட பிறகு லைனைப் பிரிச்சு வைக்கிற சுவிட்ச். பிரேக்கர் திறந்த பிறகுதான் அதைத் திறக்கலாம். ஒழுங்கு மாறினால் ஆர்க் (காற்றுக்குள்ளால பாயும் பெரிய மின்பொறி) அடிக்கும். இதைச் சோதனையிலும் கேப்பாங்க.

கல்லடி, காத்தான்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், உப்புக்காத்து இன்சுலேட்டரில் (கம்பியைத் தாங்கிற, மின்சாரம் கடத்தாத பாகம்) படிஞ்சா என்ன நடக்குமெண்டு அங்க இருக்கிற எஞ்சினியர் ஐயாட்டக் கேளுங்க.

வாறவங்க வெள்ளி பின்னேரத்துக்குள்ள பேரைப் போடுங்க. சாப்பாடு அவரவர் பொறுப்பு.