பாட வாய் வராத நாட்களில்

அன்புத் தோழிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துக்கள். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் நாலு வரி தட்டி அனுப்பாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே, அதிலேயே உன் மனசு எவ்வளவு பாரமாக இருக்கிறதென்று தெரிந்துவிட்டது.

உன் வீட்டுக்கார அண்ணன் இறந்துபோன பிறகு கோயிலில் கீர்த்தனை ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்ல எழுந்து நின்றால் வாய் வரமாட்டேன் என்கிறது, ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தாய். கடைசியில், "நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டேனா?" என்று கேட்டிருக்கிறாய்.

நீ பின்வாங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று சொன்னார்கள்! அன்பினால்தான் சொன்னார்கள். அந்த வசனம் சத்தியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பாடுபட்டவள் தன் வாயால், தனக்கு முடிகிற நாளில் சொல்ல வேண்டும். பெட்டி இன்னும் வீட்டில் இருக்கும்போது அடுத்தவர் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் இரவு பகலாக ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் அவனைப் புண்படுத்தினார்கள்.

இந்த வருஷம் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற பகுதி 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைக் கண்ணால் பார்த்தவன் எலியா தீர்க்கதரிசி. அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறான். அப்புறம் என்ன நடக்கிறது பார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிடுகிறான், மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். காரணமாக அவன் சொன்னது, போகவேண்டிய தூரம் அதிகம் என்பது மட்டும்தான்.

"எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்பதெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து அவன் ஓரேபுக்குப் போன பிறகு. முதலில் தூக்கம், சாப்பாடு. கேள்வி எவ்வளவோ பிந்தித்தான். இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு ஆண்டவரிடத்தில் ஒரு புதுப் பிரியம் வந்திருக்கிறது.

ராத்திரி வெறும் காப்பியோடு படுத்துவிடுகிறாய் என்று உன் மருமகள் சொன்னாள். அவள் இட்லி அவித்து வைத்தால் சாப்பிடு. ஜெபம் வராத ராத்திரியில் அதுபோதும்.

இங்கே எங்கள் நிலைமையைக் கேட்டிருந்தாய். என் வீட்டுக்காரர் இவர்களுக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று தடவை நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் நாலு மணிநேரம். போனதும் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் பார்ப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் குடித்த தண்ணீர் அவ்வளவும் அந்த முள்ளில் தெரிந்துவிடும். தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறேன். இளநீர், வாழைப்பழம் எல்லாம் ஆகாது. கொல்லையில் இரண்டு தென்னையை வைத்துக்கொண்டு இவர்களுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று தினமும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலில் தெரியும். காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது அதுதான். அது தெரிந்ததும் "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை வரும். பல நாள் என் ஜெபம் அவ்வளவுதான்.

சிறுநீரகம் திரும்ப வேலை செய்ய வேண்டும் என்று எவ்வளவு ஜெபித்தோம். உபவாசம் இருந்தோம், எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். குணமாகவில்லை. விசுவாசம் குறைவு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் எனக்குத் தோனாவூர் ஞாபகம் வந்தது. காலேஜில் படிக்கும்போது நாம் எல்லாரும் வேனில் போனோமே. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் களக்காட்டில் விழுந்து அடிபட்டவர்கள், 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஒரு அறையில்தான் இருந்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருஷம். அவர்களுக்காக ஜெபிக்க எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்! அவர்களுக்கா விசுவாசம் குறைவு? கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு சின்னத் தொட்டி, அதில் "அம்மா" என்று ஒரே வார்த்தை. குணமாகாத நோயும் கைவிடாத ஆண்டவரும் ஒரே அறையில் இருக்க முடியும் என்று நான் நம்புவதற்கு அந்த அம்மா ஒரு காரணம்.

உன் கோபத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். "ஆம்புலன்ஸ் பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால்" என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று. தம்பி லாசரு இறந்தபோது பெத்தானியாவில் மார்த்தாள் இயேசுவிடம் சொன்னதும் அதுதானே, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பின்னால் வந்த மரியாளும் அதையே சொன்னாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் அவரே கண்ணீர் விட்டார். நீ அதை அவரிடமே சொல்லு. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார், கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

துக்கப்படாதீர்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார். நாம் அழலாம். அண்ணனை மறுபடியும் பார்ப்போம் என்று தெரிந்தே அழலாம். கிறிஸ்து எழுந்தார் என்பது பொய்யானால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது மெய், நான் அதன்மேல்தான் நிற்கிறேன்.

இன்னொன்று. கப்பர்நகூமில் நாலு பேர் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள் அல்லவா? "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்குவில் இருக்கிறது. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே எழுதவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். நம் சபை எதற்கு இருக்கிறது? உன்னால் முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் பாடட்டும், நீ சும்மா உட்கார்ந்திரு.

உங்கள் ஊர்ச் சபை விருந்தான அசனத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அன்றைக்கு டயாலிசிஸ் மத்தியானமே முடிந்துவிடும், ராத்திரி மகள் வந்து இவர்களோடு இருப்பாள். ஞாயிறு காலை ஆராதனைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம், பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவோம். நீ பாட வேண்டாம், விசுவாசப்பிரமாணமும் சொல்ல வேண்டாம். உனக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

பென்ஷன் பேப்பரையெல்லாம் ஒரு கவரில் போட்டு வை, வந்ததும் சேர்ந்து பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் நாளைக்குக் காலையிலேயே ஆரம்பித்துவிடு. இவர்களும் உன்னை ரொம்ப விசாரித்தார்கள். பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

பிரியமுடன்,
உன் தோழி