நம் விண்கல விளையாட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வருகைப் பதிவும் கூட்டக் குறிப்புகளும் பதிவேட்டில் உள்ளன. ஆகவே என் அறிக்கை பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியது: கலம் கவிழ்வது. ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் இந்த ஆண்டு நம் மாலைகள் அதற்குத்தான் போயின.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொருவரும் தானே வடிவமைத்த கலத்தை மூனில் இறக்கி, நிமிர்ந்து நிற்கவைத்து, ஆளோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன் என்பது விளையாட்டில் வரும் நிலா. ஆரம் 200 கிலோமீட்டர். ஈர்ப்பு, தாய்க்கோளான கெர்பினில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. தீர்மானத்துக்குக் கை தூக்கும்போது எல்லாருக்கும் சுலபமாகத்தான் தெரிந்தது.

ஆரம்பத்தில் இறங்கியவை எல்லாம் ஒல்லிக் கலங்கள். தொட்டிமேல் தொட்டி, உச்சியில் ஆள் இருக்கும் கூடு, அடியில் எஞ்சின், அதை ஒட்டினாற்போல் மூன்று கால். தரையைத் தொடும், யோசிப்பதுபோல் ஒரு கணம் நிற்கும், அப்புறம் மெதுவாகச் சாயும். என் கலமும் அப்படித்தான் சாய்ந்தது. செயலாளர் என்பதற்காக அதை மறைக்கவில்லை.

காரணம் வெறும் வடிவியல். நிறை மையம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்து, கவிழும் விளிம்பு நடுவிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், சுமார் 18 பாகைச் சரிவிலேயே கலம் விழுந்துவிடும். இரண்டும் 2 மீட்டர் என்றால் 45 பாகை வரை தாங்கும். இது நின்றுகொண்டிருக்கும் கலத்துக்கான கணக்கு. பக்கவாட்டு வேகத்தோடு தொட்டால் அதற்கு முன்பே விழும். இதில் நம்மை ஏமாற்றியது எரிபொருள். பட்டறையில் கட்டும்போது தொட்டி நிறைந்திருக்கும், நிறை மையம் கீழே தெரியும். இறங்கும் நேரத்தில் தொட்டி பாதிக்கு மேல் காலி. மையம் கூட்டை நோக்கி ஏறியிருக்கும். இப்போது தொட்டியின் அளவைப் பட்டறையிலேயே குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் கால் பொருத்துகிறோம்.

மூன்று காலா, நான்கு காலா என்று ஒரு மாலை முழுவதும் சண்டை நடந்தது. முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது என்றது ஒரு தரப்பு. உண்மைதான். ஆனால் கலம் கவிழ்வது காலின் மேல் அல்ல, இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட கோட்டின் மேல். மூன்று கால் என்றால் அந்தக் கோடு, நடுவிலிருந்து காலடி இருக்கும் தூரத்தில் பாதியில்தான் இருக்கும். நான்கு என்றால் ஏறத்தாழ 70 விழுக்காடு, ஆறு என்றால் 87. தாளில் வரைந்து காட்டியதும் சண்டை அடங்கியது. தொட்டிகளைச் சுற்றிலும் பக்கவாட்டில் வைத்து, குட்டையான டெரியர் எஞ்சினை நடுவில் பொருத்தி, வெளித்தொட்டிகளில் கால் மாட்டும் வடிவத்துக்குப் பெரும்பாலோர் மாறினோம்.

சரி, முடிந்தது என்று பார்த்தால், அதே அகலக் கலம் ஏவும்போது வம்பு செய்தது. ராக்கெட்டின் தலையில் குடை விரித்த மாதிரி அது காற்றைப் பிடிக்க, பத்து கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் மொத்தமும் தலைகீழானது. தரையில் நிற்க உதவும் அகலமே காற்றில் கெடுக்கிறது. மூக்குறையால் மூடினோம், அடியில் துடுப்பு வைத்தோம், காற்று அடர்ந்திருக்கும் வரை வேகத் திசைக் குறியை விட்டு மூக்கை விலக்காமல் ஏறினோம். அதன்பின் பிழைத்தோம்.

ஓட்டுவதில் நடந்தவற்றில் இரண்டை மட்டும் பதிகிறேன். ஒருவர், திசையும் வேகமும் காட்டும் நேவ்பால் கருவியைத் தரையை வைத்து வேகம் அளக்கும் நிலைக்கு மாற்றாமல் சுற்றுப்பாதை நிலையிலேயே விட்டுவிட்டு வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். மூன் தன்னைத்தானே சுற்றுவதால் நடுக்கோட்டில் தரை நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. கால் தொட்டவுடன் உருண்டார். இன்னொருவர், போகும் திசைக்கு நேரெதிரான எதிர்வேகத் திசையை எஸ்.ஏ.எஸ். என்ற தானியங்கி நிலைநிறுத்தி பிடித்திருக்க, கடைசி மீட்டர்களில் எஞ்சினைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினார். கலம் ஓர் அங்குலம் மேலே எழும்பியது. எதிர்வேகக் குறி தரைப்பக்கம் தாவ, கலமும் அதைத் தேடிக் குட்டிக்கரணம் அடித்தது. பக்கவாட்டு வேகம் தீர்ந்ததும் எஸ்.ஏ.எஸ்.ஸைச் சாதாரண நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

நிஜத்திலும் இதே கதைதான். 2024 பிப்ரவரியில் ஒடீசியஸ் என்ற அமெரிக்கத் தனியார் இறங்குகலம் நிலவில் சாய்ந்தது. 2025 மார்ச் 6 அன்று அதே நிறுவனத்தின் அதீனா பக்கவாட்டில் கிடந்தது. அன்றைய கூட்டத்தில் வேறு எதையும் பேச முடியவில்லை. சந்திரயான்-2 தோற்றபின் வடிவத்தில் செய்த மாற்றங்களையும் அப்போதுதான் விரிவாகப் பார்த்தோம். நடு எஞ்சினை நீக்கி ஐந்தை நான்காக்கினார்கள். காலை வலுவாக்கி, தாங்கும் இறங்குவேகத்தை நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 3 ஆக உயர்த்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நின்றது. காலைப் பற்றி நாம் போட்ட சண்டை அவ்வளவு அற்பமானதல்ல என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

விளையாட்டில் கெர்பினின் இன்னொரு நிலாவான மின்மஸுக்குச் சிலர் போனார்கள். அங்கே ஈர்ப்பு கெர்பினில் இருபதில் ஒரு பங்குதான். சமதளங்கள் கண்ணாடி போல இருப்பதால் கவிழும் பயம் குறைவு, ஆனால் கால் வில் போல எகிறவைக்கும். செவ்வாயைப் போன்ற கோளான டூனாவுக்கு இன்னும் யாரும் போகவில்லை.

நிலுவையில் உள்ளது ஒன்று. என் முதல் கலம் இன்னும் மூனில் பக்கவாட்டில் கிடக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். காலை மடக்கி நீட்டியும் சுழற்சிச் சக்கரத்தைத் திருகியும் பார்த்தாயிற்று, எழவில்லை. அவரை மீட்க அடுத்த கூட்டத்தில் ஒரு கலம் வடிவமைக்க வேண்டும். நான்கு காலோடு. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்