பனியின் பரப்பு வேறு, பனிக்குள் இருக்கும் நீர் வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் செயற்கைக்கோள் கட்டுரையில், சமவெளிப் பனியை வானிலிருந்து படம் எடுத்துவிட்டால் வசந்தகால வெள்ளத்தைக் கணித்துவிடலாம் என்று ஒரு வரி வருகிறது. கனடாவின் வின்னிபெக்கில் பன்னிரண்டு குளிர்காலம் பனி அள்ளியவனால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படத்தில் தெரிவது பரப்பு. வெள்ளத்தைத் தீர்மானிப்பதோ பனி உருகினால் தேறும் நீர். புதிதாக விழுந்த 30 சென்டிமீட்டர் பனியில் சுமார் 3 சென்டிமீட்டர் நீர்தான் இருக்கும். காற்றில் இறுகிய பழைய பனி என்றால் அதே உயரத்தில் 9 கூட இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

ஆகவே நுண்ணலையை நாடுகிறார்கள். மண் இயல்பாகவே மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகிறது. அவற்றில் 37 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பனித் துகள்கள் நன்றாகச் சிதறடிக்கும். 19 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் தப்பிவிடும். மேலே வந்து சேரும் இரண்டு அலைகளின் வலிமைக்கும் வித்தியாசம் கூடக்கூட, பனியும் கூடுதல். ஜப்பான் 2012-ல் ஏவிய செயற்கைக்கோளான ஷிசுகு (‘துளி’ என்று பொருள், பெயர் வைத்தவருக்குச் சபாஷ்) இப்படித்தான் அளக்கிறது. இரவோ மேகமோ அதற்குப் பொருட்டல்ல. காடும் மலையும் குறுக்கிடாத எங்கள் பிரேரி புல்வெளிச் சமவெளி இதற்கு வாய்ப்பான இடம்.

ஆனால் மார்ச் மாதம் என் வீட்டுப் பின்புறம் பனியை வெட்டிப் பார்த்தால், அடியில் கல்லுப்பு போலப் பரல் பரலாக இருக்கிறது. உருட்டினால் பிடிபடாமல் உதிர்கிறது. இந்தப் பரல்கள் அலையை மிகையாகச் சிதறடிப்பதால் இல்லாத பனியும் கணக்கில் ஏறிவிடும். உருகத் தொடங்கினாலோ இன்னும் வம்பு. ஈரப் பனி தானே நுண்ணலையை வெளியிடுவதால் வித்தியாசம் மறைந்து, முழங்கால் பனி கிடக்கும் வயல்கூட வெறுந்தரையாகத் தெரியும். அதுவும் தகவல் மிகவும் தேவைப்படும் வாரத்தில்!

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரெட் நதி வடக்கே ஓடுவது. தெற்கே அமெரிக்கப் பக்கம் முதலில் உருகும் நீர், இன்னும் உறைந்து கிடக்கும் எங்களிடம் வந்து முட்டுகிறது. 1997-ல் அங்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கியது. 1968-ல் வெட்டி முடித்த வெள்ளக் கால்வாய் இருந்ததால் வின்னிபெக் தப்பியது. வெள்ள பயம் இருக்க, செயற்கைக்கோளை மட்டும் நம்ப முடியாததால்தான் பனியில் குழாயைக் குத்தி எடுத்து எடைபோடும் பழைய வழக்கத்தை இன்னும் விடவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தக் குழாயின் படம் ஒன்றையும் போடுங்கள்.

ஒரு வாசகர்,
வின்னிபெக், கனடா.