காரவனில் மூன்று மாத மளிகை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டைப் பூட்டிவிட்டு, காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான காரவனிலேயே ஊர் ஊராகப் போய் வாழ்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் கிளம்பும் முன்பே மூன்று மாத மளிகையை ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள், யாராவது அதை அப்படியே செய்துவிடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். நானும் கணவரும் டர்பனிலிருந்து கிளம்பி வருடத்தின் பெரும்பகுதியைச் சாலையில் கழிப்பவர்கள்.

மொத்தம் எத்தனை நாள் பயணம் என்று பார்த்து சாமான் கட்டவே கூடாது. இந்தப் பொருள் அடுத்து எந்த ஊரில் கிடைக்கும், அங்கே போய்ச் சேர எத்தனை நாள், வழியில் வண்டி மக்கர் பண்ணினால் கூடுதலாக ஒன்றிரண்டு நாள், அவ்வளவுக்குத்தான் கணக்கு. அரிசிக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு ஒரு கணக்கு, மாத்திரைக்கு வேறு கணக்கு.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்டிக் என்ற பெயரில் விற்கும் புழுங்கல் அரிசி கிடைக்காத சிறு நகரம் தென்னாப்பிரிக்காவில் இருக்குமா என்று சந்தேகம்தான். சோளமாவு, எண்ணெய், சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் அப்படியே. இதில் ஒரு வாரத்துக்கு மேல் ஏற்றுவது வீண் சுமை. ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும், காரு என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியின் சின்ன ஊர்களில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பல கடைகள் மூடிவிடும். புளி, துவரம் பருப்பு, பெருங்காயம் மாதிரியான சாமான் டர்பனை விட்டால் பெரிய நகரங்களில்தான் கிடைக்கும், அதை மட்டும் மாதக்கணக்கில் வாங்கி வைக்கிறோம். நாங்கள் தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிக்கும் கண்டிப்பாக வீடு திரும்புவோம், அதனால் அடுத்த திருவிழா வரைக்கும் என்று அளவு வைத்துக்கொள்வேன். அரைத்த பொடியின் வாசனை அவ்வளவு நாள் தாங்காது, மல்லியும் மிளகாயும் முழுசாக எடுத்துப்போய் அவ்வப்போது இடித்துக்கொள்வதுதான் சரி.

தண்ணீர் விஷயம்தான் பெரிது. வெயில் காலத்தில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், கழுவுவது குளிப்பது தனி. இரண்டு பேருக்கு நான்கு நாள் என்றால் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. வடமேற்கிலுள்ள அப்பிங்டன் ஊரைத் தாண்டி கலஹாரி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவதுதான் வழக்கம், உள்ளே நொசோப் முகாமில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். காருவிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணறுதான். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கரிக்கும், பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. அதனால் சமையலுக்கு நல்ல தண்ணீர் ஒரு கேன், பாத்திரம் கழுவ வேறு கேன் என்று பிரித்து வைப்பது நல்லது. அப்படிப்பட்ட ஊரில் துவரையை விட்டுவிட்டு சீக்கிரம் வேகும் பாசிப்பருப்பையோ மைசூர்ப் பருப்பையோ போடுங்கள்.

போகிற ஊரில் தண்ணீர் நிலவரம் எப்படி என்று விசாரிக்காமல் குழாயில் கேனைப் பிடிக்காதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். 2018-இல் கேப்டவுனில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது, அதே வறட்சியில் காருவிலுள்ள போஃபர்ட் வெஸ்ட் ஊரின் கம்கா அணையும் வறண்டது. அந்த மாதிரி ஊரில் நாம் போய் நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் அங்கே வாழ்கிறவர்களின் பங்கைத்தான் எடுத்துப்போகிறோம். முந்தின ஊரிலேயே நிரப்பிக்கொண்டு வரவேண்டும்.

கேஸுக்கு ஒரே பெரிய சிலிண்டரை விட சிறியதாக இரண்டு நல்லது. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு, காலியானதை வழியில் வருகிற முதல் கடையிலேயே நிரப்பிவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. குக்கர் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர், அங்கே 90 டிகிரியை ஒட்டியே கொதி வந்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்தால் கேஸ்தான் தீரும்.

மருந்தில் மட்டும் நான் தாராளமாகவே இருப்பேன். நம்மவர்களில் சர்க்கரை நோயாளிகள் அதிகம், பலருக்கு மாத்திரையை மாதா மாதம்தான் தருகிறார்கள் என்பதால் தீருவதற்குப் பத்து நாள் முன்பே அடுத்த பெரிய ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் என்றால் திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அப்பிங்டன் பக்கம் கோடையில் 40 டிகிரி தாண்டும், ஃப்ரிட்ஜ் நின்றால் என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்திருங்கள்.

கடைசியாக எடை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்கு வருத்தம். காரவனில் ஒரு தகடு அடித்திருக்கும், காலி எடை எவ்வளவு, அனுமதித்த மொத்த எடை எவ்வளவு என்று. இரண்டுக்கும் நடுவே பல வண்டிகளில் 200, 300 கிலோதான் இருக்கும். அதற்குள்தான் தண்ணீர், கேஸ், துணிமணி, மடக்கு நாற்காலி, மூன்று மாத மளிகை எல்லாம் அடங்க வேண்டும், எங்கே அடங்கும்? அதுவும் கனமானதைப் பின்பக்கம் அடுக்கினால் வேகத்தில் காரவன் வாலாட்ட ஆரம்பித்துவிடும், கனத்தை எப்போதும் சக்கர அச்சுக்கு மேலே தரையோடு வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வான் ரீனன்ஸ் கணவாய் வழியாக இறங்கியவர்களுக்குத் தெரியும், பெரிய லாரிகளுக்கு நடுவில், அளவுக்கு மீறிய சுமையோடு, சூடேறிய பிரேக்கை நம்பி இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று. டயர் வெடிப்பதற்கும் அதிக சுமை ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, 750 கிலோவுக்கு மேற்பட்ட காரவனை இழுக்க இங்கே சாதாரண கார் உரிமம் போதாது, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

எனவே அடுத்த இணைப்பில் சின்னதாக ஒரு திருத்தமாவது போடுங்கள். மளிகைப் பட்டியலுக்கு முன்னால், கிளம்புகிற கோலத்திலேயே முழுச் சுமையோடு வண்டியை ஒரு எடை மேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா