தூள் பாட்டிலைத் திறக்கும் முன்

காட்பாடி

அன்புள்ள மீனாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சோலார் செல் ஆராய்ச்சிக்கு ஈய அயோடைடு கையாளப் போகிறேன் என்றாய். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மஞ்சள் நிற ரசாயனத் தூள் பாட்டிலைத் திறக்கும் முன் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு டெஸ்ட் எடுத்துவிடு. ஆறு மாதம் கழித்து ஓர் எண் வந்தால், அது லேபில் ஏறியதா, முன்பே இருந்ததா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. கலப்பட மஞ்சள்தூள், மலிவான செந்தூரம், பழைய பெயிண்ட் என்று ஈயம் உடம்புக்குள் வர வழி நிறைய இருக்கிறது.

ரத்தம் எடுப்பதையும் சொல்கிறேன், நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றே காலம் போனவள் நான். உன் முறை வருவதற்குள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போ. விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து எண்ணைக் கூட்டிவிடும். அப்படி அதிகம் காட்டினால் பதறாதே, நரம்பில் எடுத்து மறுபடி பார்க்கச் சொல். சிவப்பணுக்களை நீக்கி, சீரம் என்கிற தெளிந்த நீரை மட்டும் பிரித்து அனுப்பினால் பிரயோஜனமில்லை. ரத்தத்திலுள்ள ஈயம் பெரும்பாலும் சிவப்பணுக்களில்தான் இருக்கும், முழு ரத்தமாகவே போகவேண்டும்.

ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வந்தது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். தலைவலி, மலச்சிக்கல், காரணமில்லாத எரிச்சல், ரத்தசோகை: அறிகுறிகள் இப்படித்தான். பி.எச்.டி. படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் சாதாரணம் என்று நீயே தள்ளிவிடுவாய்.

கையுறை போடுகிறேனே என்பாய். கையுறை தாயத்து இல்லை கண்ணு. ஈய அயோடைடு தூள் தோல் வழியாக அதிகம் போகாது, வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் போகும். நீ அதைக் கரைக்கிற டைமெத்தில் ஃபார்மமைடு வேறு கதை. மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவும், ஈரலுக்கும் ஆகாது. தெறித்தால் உடனே கழற்றி மாற்று. அதே கையுறையோடு போனையும் கதவுப் பிடியையும் தொட்டாயானால், தூள் உனக்கு முன்னால் கேன்டீனுக்குப் போய்விடும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான். எடைபோடுவதை ஃப்யூம் ஹூடுக்குள், அந்தக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் செய். சிந்தினால் விளக்குமாற்றால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவுப் பெட்டியில் போடு. லேபில் போடும் கோட்டை விடுதிக்குக் கொண்டுவந்து மற்ற துணியோடு ஊறவைக்கிற வேலையே வேண்டாம்.

கழுவின தண்ணீர் சிங்க்கில் போகக்கூடாது. பாலாற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்லவேண்டுமா? தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்கவேண்டும், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்த நாட்டுச் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தும் ஆறு பழைய ஆறாகவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்று, நேரில் சொல்லத் தயங்கினேன். ரத்தத்திலிருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் போய் உட்கார்ந்தது வருஷக்கணக்கில் நகராது. கர்ப்பத்தில் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து போகும்போது ஈயமும் கூடப் போகும். நீயும் மாப்பிள்ளையும் என்ன திட்டம் வைத்திருக்கிறீர்களோ, கேட்கமாட்டேன். திட்டம் இருந்தால் கைடிடம் முன்கூட்டியே சொல். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகாதே, ஈயம் அப்போதுதான் அதிகம் ஏறும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பிலும் அப்படியே. சனிக்கிழமை சித்தப்பா பையன் பெங்களூர் வருகிறான், கேழ்வரகு மாவும் காய்ந்த முருங்கைக்கீரையும் கொடுத்தனுப்புகிறேன். களி கிண்டப் பொறுமை இல்லையென்றால் அடையாவது தட்டு.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. நார்மல் என்று மட்டும் எழுதாதே, எனக்கு எண் வேண்டும்.

அம்மா